பிள்ளைகளுக்கு முல்லா கதை சொல்லும்போது

முல்லா நஸ்ருத்தீன் கதைகளைப் புத்தகத்தில் உள்ளபடி வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் பெரும்பாலும் சிரிப்பதில்லை. கதையில் குறை ஒன்றும் இல்லை. அச்சில் இருப்பது எழுத்துத் தமிழ், முல்லா பேசுவது சந்தைப் பேச்சு. "அண்டா இறந்துவிட்டது" என்று வாசித்தால் வகுப்பு கைகட்டி உட்கார்ந்திருக்கும். முகத்தைத் தொங்கப்போட்டு, "உங்க அண்டா செத்துப்போச்சுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதே பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள்.

அதனால் புத்தகத்தை ஒரு முறை படித்துவிட்டு மூடி வையுங்கள். கடைசி வரியை மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். மற்றதெல்லாம் வாய்க்கு வந்தபடி போகலாம். தொடக்கத்தில் நாலு சொல் மாறினால் ஒன்றும் ஆகாது. கடைசி வரியில் ஒரு சொல் முன்பின் ஆனால் கதையே போயிற்று. சிரிப்பை வரவழைக்கும் சொல் வாக்கியத்தின் முடிவில் வர வேண்டும். இதில் தமிழ் நமக்கு நல்ல துணை, வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது. "செத்துப்போச்சுங்க உங்க அண்டா" என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள், முதல் சொல்லிலேயே எல்லாம் தெரிந்துவிடும். மீதி இரண்டு சொல்லையும் கேட்க ஆள் இருக்காது.

யார் இந்த முல்லா?

பெரிய பிள்ளைகள் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. துருக்கியில் இவர் நஸ்ரெத்தின் ஹோஜா. சிவ்ரிஹிசார் பக்கத்து ஹோர்த்து கிராமத்தில் 1208இல் பிறந்து, அக்‌ஷெஹிர் ஊரில் 1284 வாக்கில் இறந்தார் என்பது துருக்கி மக்கள் சொல்லிவரும் மரபு. அக்‌ஷெஹிரில் அவருடைய அடக்கஸ்தலம் இருக்கிறது. சுற்றிலும் தூண்கள், எல்லாப் பக்கமும் திறப்பு, முன்னால் மட்டும் ஒரு கதவு, அதில் பெரிய பூட்டு. கல்லில் உள்ள ஆண்டு 386. அதைத் திருப்பிப் படித்தால் 683, இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரியில் அதுதான் 1284. பத்து வயதுப் பிள்ளையிடம் "386" என்று எழுதிக் கொடுத்து, "முல்லா எப்போ இறந்தார்னு கண்டுபிடி" என்றால் அரைமணி நேரம் விடாது. கழுதைமேல் திரும்பி உட்கார்ந்து போனவர் ஆயிற்றே என்று ஒரு குறிப்புக் கொடுத்தால் போதும்.

அரபு நாடுகளில் இதே கதைகள் பலவும் ஜுஹாவின் பெயரில் உலவுகின்றன. எகிப்தியர் வாயில் அவர் கோஹா, சிசிலித் தீவில் ஜூஃபா. உஸ்பெக்கியர்களும் உய்கூர்களும் அஃபந்தி என்கிறார்கள். உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் லியாபி ஹவுஸ் குளக்கரையில் கழுதைமேல் உட்கார்ந்த அவருடைய சிலை உண்டு. இந்தக் கதை சொல்லும் மரபை 2022இல் துருக்கி, அஜர்பைஜான், உஸ்பெகிஸ்தான் உள்ளிட்ட ஏழு நாடுகளின் பொதுச் சொத்தாக யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஜுஹா நஸ்ருத்தீனைவிடப் பழையவர். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு நூல்களிலேயே அவர் பெயர் வந்துவிடுகிறது. பிறகு இரண்டு பேரின் கதைகளும் ஒன்றோடொன்று கலந்துபோயின. இதையெல்லாம் கதைக்கு முன்னால் சொல்லக் கூடாது. கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அண்டா கதை, வரி வரியாக

முதலில் பழக வேண்டியது இதுதான். வீட்டில் இருக்கிற பெரிய பாத்திரம் ஒன்று, அதற்குள் அடங்குகிற சின்னச் சட்டி ஒன்று, இரண்டும் போதும். சின்னதைப் பெரியதற்குள் முன்கூட்டியே வைத்துவிடாதீர்கள். ஆட்டினால் சத்தம் கேட்கும், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சின்னதை உங்களுக்குப் பின்னால் துணி போட்டு மூடி வையுங்கள்.

முல்லா பக்கத்து வீட்டுக்குப் போகிறார். "வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க, உங்க பெரிய அண்டாவைக் கொஞ்சம் தர்றீங்களா?" பக்கத்து வீட்டுக்காரர் மனசில்லாமல் கொடுக்கிறார். இங்கே அவர் கஞ்சன் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அண்டாவை நீட்டிவிட்டு, கையை விடாமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டே இருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

மறுநாள் முல்லா அண்டாவைத் திருப்பிக் கொண்டுவருகிறார். உள்ளே ஒரு சின்னச் சட்டி. "இது என்னது இல்லையே?" "வாழ்த்துகள்! உங்க அண்டா ராத்திரி குட்டி போட்டிருக்கு." நம் மொழியில் குட்டி என்ற சொல் ஆட்டுக்குட்டிக்கும் பொருந்துகிறது, சின்னப் பொருளுக்கும் பொருந்துகிறது. முதல் சிரிப்பு இங்கே வரும். அது ஓய்கிற வரை காத்திருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார், பிறகு சட்டென்று உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். "அப்படியா? சந்தோஷம், சந்தோஷம்!"

ஒரு வாரம் கழித்து முல்லா மறுபடியும் அண்டா கேட்கிறார். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்துவருகிறார். முதல் தடவை கையை விடாமல் பிடித்தீர்கள் அல்லவா, இப்போது நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டுங்கள். இந்த இரண்டு அசைவுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பேராசை தெரிகிறது. வார்த்தையே வேண்டாம்.

நாள் போகிறது. அண்டா வரவில்லை. அவரே வந்து கதவைத் தட்டுகிறார். முல்லா தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. உங்க அண்டா செத்துப்போச்சுங்க." தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் "மவுத்தாயிருச்சு" என்று சொல்லுங்கள். வீட்டில் துக்கம் சொல்ல வருகிறவர்கள் அதே குரலில் சொல்வதை அவர்கள் கேட்டிருப்பார்கள், சிரிப்பு இரண்டு மடங்காகும்.

"என்ன விளையாடுறீங்களா? அண்டா எங்கயாவது சாகுமா?"

இங்கே நிறுத்துங்கள். மனசுக்குள் இரண்டு எண்ணுகிற வரை. பிறகு குரலை ஏற்றாமல்:

"குட்டி போட்டப்ப நம்பினீங்க, செத்தப்ப நம்ப மாட்டீங்களா?"

அவ்வளவுதான். இதற்குப் பிறகு ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது.

இந்தக் கதை தோற்கிற இடங்கள் மூன்று. நான்கு வயதுக்குக் கீழே இது எடுபடாது. அந்த வயதில் அண்டா குட்டி போடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை, பொம்மை தூங்குகிறது, நிலா கூடவே வருகிறது, அண்டாவும் குட்டி போடட்டுமே என்றுதான் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். அசாத்தியம் என்று ஒன்று இருப்பதே தெரியாத வயதில் இந்தச் சிரிப்புக்கு இடமில்லை. ஆறு வயதில் சொல்லுங்கள். இரண்டாவது, சொல்கிறவரே கடைசி வரிக்கு முன்னால் சிரித்துவிடுவது. முல்லா ஒருபோதும் சிரிக்க மாட்டார். மூன்றாவது, பெற்றோரிடம் அதிகம் பார்க்கக்கூடியது: கதை முடிந்த கையோடு "இதிலிருந்து என்ன தெரியுது? பேராசைப்படக் கூடாது" என்று தொடங்குவது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை உடனே பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், அடுத்த கதையைச் சந்தேகத்தோடுதான் கேட்கும்.

"அப்போ முல்லா அண்டாவைத் திருடிட்டாரா?" என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி, மழுப்ப வேண்டாம். மறுநாள் வரைக்கும் தள்ளிப்போட்டு, "பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாளே 'இந்தச் சட்டி என்னது இல்லை'ன்னு சொல்லியிருந்தா?" என்று திருப்பிக் கேளுங்கள். எட்டு வயதுக்கு மேல் என்றால் அதிலேயே பத்து நிமிடம் வாதம் நடக்கும். திருட்டுத்தான் என்று முடிவுக்கு வந்தாலும் விட்டுவிடுங்கள். முல்லா எப்போதும் நல்லவராக இருக்க வேண்டும் என்று இந்த மரபில் யாரும் கேட்டதில்லை.

வகுப்பறைக்கு ஏற்றது

முப்பது நாற்பது பிள்ளைகள் இருந்தால் அண்டா கதையைவிட ஜும்மா பயான் (வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது பள்ளிவாசலில் நடக்கும் சொற்பொழிவு) கதை நன்றாக எடுபடும், பதில் சொல்கிற வேலை கூட்டத்துக்கு இருப்பதால். முல்லா மேடை ஏறி, "நான் இன்னைக்கு என்ன பேசப்போறேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்கிறார். "தெரியாது!" "ஒண்ணுமே தெரியாதவங்ககிட்ட என்னத்தைப் பேச?" இறங்கிப் போய்விடுகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு "தெரியும்!" என்கிறார்கள். "தெரிஞ்சா நான் எதுக்கு?" மறுபடியும் இறங்கிப் போகிறார். மூன்றாவது வாரம் பாதிப் பேர் தெரியும், பாதிப் பேர் தெரியாது. "ரொம்ப நல்லது. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க."

முன்னேற்பாடு இல்லாமல் இறங்கினால் முதல் கேள்விக்கே பாதிப் பிள்ளைகள் "தெரியும்", பாதிப் பிள்ளைகள் "தெரியாது" என்று கத்துவார்கள். மூன்றாவது வாரத்துப் பதிலை முதல் வாரத்திலேயே செலவழிக்க வேண்டி வரும், கதை அங்கேயே படுத்துவிடும். கதைக்கு முன்னால் ஒரு நிமிடம் ஒத்திகை நடத்துங்கள். நீங்கள் இரண்டு கையையும் விரித்தால் எல்லாரும் "தெரியாது", கையைத் தலைமேல் வைத்தால் எல்லாரும் "தெரியும்". வலது கையை மட்டும் தூக்கினால் வலப்பக்கத்தார் தெரியும், இடப்பக்கத்தார் தெரியாது. இரண்டு முறை செய்து பார்த்தால் போதும். ஒவ்வொரு முறையும் மேடையைவிட்டு நிஜமாகவே இறங்கிக் கதவு வரை நடந்து போங்கள், பிள்ளைகள் "சார், போகாதீங்க!" என்று கத்துவார்கள். அந்த நடையில்தான் கதை இருக்கிறது. நின்ற இடத்திலேயே "பிறகு அவர் போய்விட்டார்" என்று சொன்னால் பாதிச் சுவை குறையும்.

கழுதை கத்துகிற கதைக்கு ஒரு பிள்ளையைக் கழுதையாக்க வேண்டும். ஒருவர் கழுதையை இரவல் கேட்கிறார். "கழுதை இல்லையே, இப்பத்தான் ஒருத்தர் கொண்டுபோனார்." அதே நேரம் கொட்டிலில் கழுதை கத்துகிறது. "அதோ கத்துதே!" "என்ன மனுஷன்யா நீ? வெள்ளைத் தாடி வச்ச என் பேச்சை நம்ப மாட்டே, கழுதை பேச்சை நம்புவியா?" கழுதைக்குத் தேர்ந்தெடுத்த பிள்ளை ஆர்வத்தில் முன்னாலேயே கத்திவிடும், இல்லையென்றால் ஒருமுறை கத்தத் தொடங்கி நிறுத்தாது. நீங்கள் காதைத் தொட்டால் கத்த வேண்டும், உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்த வேண்டும் என்று பழக்கிவிடுங்கள். வகுப்பில் ரொம்பக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம். வசனம் கிடையாது, கைத்தட்டல் நிச்சயம்.

ஏரிக்கு உறை ஊற்றுதல்

முல்லா கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அக்‌ஷெஹிர் ஏரிக்கரையில் முல்லா உட்கார்ந்து கரண்டி கரண்டியாகத் தயிரைத் தண்ணீரில் விடுகிறார். "என்ன பண்றீங்க முல்லா?" "ஏரிக்கு உறை ஊத்துறேன்." "ஏரி எங்கயாவது தயிராகுமா?" "ஆகாது, எனக்கும் தெரியும். ஆனா, ஒருவேளை உறைஞ்சிருச்சுன்னா?"

துருக்கியில் இந்தக் கடைசிச் சொல் பழமொழியே ஆகிவிட்டது. தமிழில் இந்தக் கதை கச்சிதமாக உட்காரும், ஏனென்றால் உறை ஊற்றுவது நமக்கும் அன்றாட வேலை. ஆனால் பாக்கெட் தயிரிலேயே வளர்கிற பிள்ளைக்கு உறை என்றால் என்னவென்று தெரியாது. கதையின் நடுவே விளக்கப் புகுந்தால் கதை ஆறிப்போகும். முந்தின நாள் ராத்திரியே செய்து காட்டிவிடுங்கள். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரலை விட்டால் சுடாமல் வெதுவெதுப்பாக இருக்கிற பக்குவத்துக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டித் தயிரைப் பிள்ளை கையாலேயே விட்டுக் கலக்கச் சொல்லி மூடி வையுங்கள். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்தில் உறைந்துவிடும், குளிரில் இன்னும் சில மணி நேரம் ஆகும். பால் சூடாக இருக்கும்போதே ஊற்றினால் உறையில் உள்ள கிருமிகள் செத்துத் தயிராகாது, அடியோடு ஆறிப்போனபின் ஊற்றினால் நேரம் இழுக்கும். காலையில் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டி, ஒரே ஒரு கரண்டி எவ்வளவு பாலை மாற்றியிருக்கிறது என்பதைப் பிள்ளை பார்த்தபிறகு கதையைச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கரண்டித் தயிர் விட்டு மூடி வைக்கச் சொல்லலாம். மறுநாள் எழுந்ததும் வாளியைத்தான் போய்ப் பார்க்கும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

எந்த வயதுக்கு எது?

நான்கு, ஐந்து வயதில் முல்லாவைவிட மலாய்க்காரர்களின் சாங் காஞ்சில் கதை நல்லது. காஞ்சில் என்பது நம் சருகுமானின் இனம், பூனை அளவே இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழம், நடுவே முதலைகள். "சுலைமான் நபி உங்களை எண்ணிட்டு வரச் சொல்லியிருக்கார், வரிசையா நில்லுங்க" என்கிறது காஞ்சில். முதலைகள் கரைக்குக் கரை வரிசை கட்டுகின்றன. முதுகு முதுகாகத் தாவி எண்ணிக்கொண்டே அக்கரை போய்விடுகிறது. மலாய்க் குழந்தைகள் இதற்கு ஒரு பாட்டே வைத்திருக்கிறார்கள்: "சாத்து, துவா, தீகா, லெகோக், ஜந்தான் பெத்தினா ஆக்கு கெத்தோக்." ஒன்று, இரண்டு, மூன்று, ஆணானாலும் பெண்ணானாலும் தட்டுவேன் என்று ஏறக்குறைய பொருள். தரையில் ஏழெட்டுத் தலையணையைப் போட்டுத் தாவவிடுங்கள். சிமென்ட் தரையில் தலையணை வழுக்கும், பாயை விரித்து அதன்மேல் போடுங்கள்.

ஐந்து, ஆறு வயதுக்குக் கழுதை எண்ணும் கதை. முல்லாவிடம் பத்துக் கழுதை. ஒன்றின்மேல் ஏறிக்கொண்டு எண்ணினால் ஒன்பது, இறங்கி எண்ணினால் பத்து. "ஏறினா ஒண்ணு காணாமப்போகுது. நடந்தே போயிடறேன்." பத்து என்பது சின்னப் பிள்ளைகளுக்கு நீளம், ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்தால் அதுதான் முல்லா ஏறியிருக்கும் கழுதை, மற்ற நான்கையும் எண்ணிக் காட்டுங்கள். கட்டைவிரல் கண்ணுக்கு முன்னாலேயே ஒளிந்திருக்கிறது, பிள்ளைகள் "அங்க இருக்கு! அங்க இருக்கு!" என்று குதிப்பார்கள். நீங்கள் பார்க்கவே கூடாது. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்துவிட்டுத் தங்களைத் தாங்களே விட்டுவிட்டு எண்ணுவதும் இதே வித்தைதான், அந்தக் கதை தெரிந்த பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள்.

ஊதல் கதையும் இந்த வயதுக்கு ஆகும், கொஞ்சம் கவனத்தோடு. முல்லா சந்தைக்குப் போகும்போது தெருப் பிள்ளைகள் எல்லாரும் "எனக்கு ஒரு ஊதல்" என்கிறார்கள், ஒருவன் மட்டும் காசு கொடுக்கிறான். திரும்பி வரும்போது அவனுக்கு மட்டும் ஊதல். "காசு கொடுத்தவன்தான் ஊதுவான்." ஆறு வயதுப் பிள்ளைகள் சிலர் சிரிக்க மாட்டார்கள், காசில்லாத பிள்ளைகளை நினைத்து முகம் வாடிவிடும். அப்படி வாடினால் சமாதானக் கதை கட்ட வேண்டாம், கூட உட்கார்ந்திருங்கள், போதும். ஒன்பது வயதுக்கு மேல் இதுவே கலகலப்பாகப் போகும்.

வாசனைக் கதை ஏழு வயதிலிருந்து. சமையல்காரனின் குழம்பு வாசனையில் ரொட்டியைக் காட்டித் தின்ற ஏழையிடம் காசு கேட்கிறார்கள். முல்லா காசுகளைக் குலுக்கி, "வாசனையை வித்தவனுக்குச் சத்தம்தான் கூலி" என்கிறார். எவர்சில்வர் டப்பாவில் நாலைந்து நாணயம் போட்டுக் குலுக்குங்கள், பிளாஸ்டிக் டப்பாவில் ஓசை எழாது. மோதிரத்தை இருட்டில் தொலைத்துவிட்டு வெளிச்சம் இருக்கிறதென்று தெருவில் தேடும் கதையும் இந்த வயதுக்கே.

பத்துக்கு மேல் என்றால் ஜுஹாவின் ஆணி. வீட்டை விற்கும்போது சுவரில் உள்ள ஒரே ஓர் ஆணி மட்டும் தனக்கு என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். பிறகு சாப்பாட்டு நேரத்தில், தூங்கும் நேரத்தில், "என் ஆணியைப் பார்க்க வந்தேன்" என்று வந்து நிற்கிறார். கடைசியில் வாங்கியவன் வீட்டையே விட்டு ஓடிவிடுகிறான். அரபு பேசுகிறவர்கள் நொண்டிச்சாக்குக்கு "ஜுஹாவின் ஆணி" என்றே இன்றும் சொல்கிறார்கள். இங்கே தந்திரக்காரர் அயோக்கியத்தனம் செய்கிறார் என்பது பெரிய பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு பத்திரம் எழுதிப் படிக்கச் சொல்லி, எந்த வரியைச் சேர்த்திருந்தால் அவன் தப்பித்திருப்பான் என்று யோசிக்கவிடுங்கள்.

மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த மன்னன் தைமூரின் கதைகளும் இந்த வயதுக்குத்தான். குளியல் கூடத்தில் தைமூர் கேட்கிறான்: "என்னைச் சந்தையில் வித்தா எவ்வளவு கிடைக்கும்?" "ஐம்பது காசு." "இடுப்பில் கட்டியிருக்கும் துணியே ஐம்பது காசு பெறுமே!" "அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்." தைமூர் அனத்தோலியாவுக்குள் (இன்றைய துருக்கி) படையெடுத்து வந்து அங்காராப் போரில் வென்றது 1402இல். மரபுக் கணக்குப்படி முல்லா இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மக்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஊரையே நடுங்கவைத்தவன் முகத்துக்கு நேரே பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது, அடக்கஸ்தலத்திலிருந்து முல்லாவைக் கூட்டிவந்துவிட்டார்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

அடுப்படிச் சொற்களைத் தாராளமாக நம்முடையதாக்குங்கள், அண்டா, உறை, குழம்பு எல்லாம் சரிதான். ஊரையும் பருவத்தையும் தொடாதீர்கள். விருந்துக்குப் பழைய துணியில் போனவரை யாரும் மதிக்கவில்லை, ரோமம் வைத்த அங்கியோடு திரும்பி வந்ததும் பந்தியில் முதல் இடத்தில் உட்காரவைத்தார்கள், அவர் சட்டைக்கையைச் சோற்றில் தோய்த்து "சாப்பிடு, என் அங்கியே, சாப்பிடு" என்றார். அந்த அங்கியைப் பட்டு வேட்டி ஆக்கினால் நனைக்கச் சட்டைக்கை கிடைக்காது. மேலும், பனி விழுகிற ஊர் ஒன்று இருக்கிறது, அங்கேயும் நம்மைப்போலவே வேடிக்கைபேசும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிவது பெரிய லாபம். அதை நாமே அழித்துவிடக் கூடாது.

தெனாலிராமன், பீர்பால் கதைகளோடு கலந்து சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இருவரும் அநேகமாகக் கடைசியில் ஜெயிப்பார்கள். முல்லா பாதி நேரம் தோற்பார். காற்றில் ஆடும் தன் சட்டையைத் திருடன் என்று நினைத்து அம்பு விட்டு ஓட்டையாக்கிவிட்டு, "நல்லவேளை, நான் அதுக்குள்ள இல்லை!" என்று இறைவனுக்கு நன்றி சொல்கிறவர் அவர். கதை தொடங்கும்போதே "ஒரு ஊரில் ஒரு புத்திசாலி இருந்தார்" என்றோ "ஒரு முட்டாள் இருந்தார்" என்றோ அறிமுகம் செய்தால் இந்த ஊசலாட்டம் போய்விடும். "முல்லா நஸ்ருத்தீன்னு ஒருத்தர் இருந்தார்" என்றால் போதும்.

முல்லா என்பது படித்தவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். தாடி ஒட்டிக்கொண்டு கோணல் குரலில் பேசி ஒரு சமூகத்தையே கேலிப்பொருளாக்கிவிடாதீர்கள். வகுப்பில் இருக்கும் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் அந்த நேரம் தலையைக் குனிந்துகொள்வார்கள். இரண்டு மீட்டர் பருத்தித் துணியில் ஒரு தலைப்பாகை கட்டினால் தாராளம், குரல் உங்கள் சொந்தக் குரலாகவே இருக்கட்டும். தொழுகையையும் பாங்கையும் வேடிக்கைக்கு இழுக்க வேண்டாம். பயான் கதையில் சிரிப்பு பேச்சாளரின் சாமர்த்தியத்தில் இருக்கிறது, ஜும்மாவில் இல்லை.

தொகுப்புகளில் உள்ளதெல்லாம் பிள்ளைகளுக்கானதும் அல்ல. பழைய சுவடிகளில் பச்சையான கதைகள் ஏராளம். மனைவியை மட்டம்தட்டுகிற கதைகளும் நிறைய, ஒதுக்கிவிடலாம். குடத்தைக் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்பும்போதே பிள்ளையை அறைந்துவிட்டு, "உடைச்ச பிறகு அடிச்சு என்ன பிரயோசனம்?" என்கிற கதை குழந்தைகள் தொகுப்புகளிலேயே வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் அடிவாங்குகிற பிள்ளைக்கு அது சிரிப்பு இல்லை. நான் சொல்ல மாட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள்.

தூங்கும் நேரத்தில்

துருக்கியில் ஒரு வழக்கம் உண்டு: ஹோஜா கதை ஒன்றைத் தொடங்கினால் ஏழு கதை சொல்லியாக வேண்டும். கதைக்கு ஒன்றரை நிமிடம், நடுவே சிரிப்புக்கும் "இன்னொண்ணு!"க்கும் அரை நிமிடம் என்று வைத்தால் ஏழும் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று போதும், அதற்குமேல் சிரிப்பு அழுகையாகத் திரும்பும். கத்த வேண்டிய கழுதைக் கதைகளை முதலில் முடித்துவிடுங்கள், ஏரிக் கதை போன்ற மெதுவானவை பின்னால் வரட்டும்.

கடைசியாகப் போர்வைக் கதையை வையுங்கள். நடுராத்திரி தெருவில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். குளிர். முல்லா போர்வையைச் சுற்றிக்கொண்டு விலக்கிவிடப் போகிறார். அவர்கள் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தவரிடம் மனைவி கேட்கிறார், "எதுக்குச் சண்டையாம்?" இதைச் சொல்லும்போது பிள்ளையின் போர்வை ஓரத்தை லேசாகப் பிடித்திருங்கள். "நம்ம போர்வைக்குத்தான் போல. போர்வை போச்சு, சண்டை முடிஞ்சுது." சொல்லிக்கொண்டே போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள்.